கடைசிப் படகு இல்லாத தீவு

கிறேசம்மா தன் சீவியத்தில் எதனுடைய முடிவையும் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவிலேயே வாழ்க்கைப்பட்டு, மாடு வளர்க்கிற மனுசனோடு குடும்பம் நடத்தின பெண்ணுக்குத்தான் அது விளங்கும். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடென்றால் தாலி கட்டுவதைப் பார்ப்பாள். பந்தியில் பாயசம் வர முன்னம் எழும்பிவிட வேண்டும். படத்துக்குப் போனால் இடைவேளையோடு சரி. பெருநாளில் மாதாவின் சுருவம் கோயிலை விட்டு வெளிக்கிடுவதைக் கண்டிருக்கிறாள், சுற்றித் திரும்பி வந்ததைக் கண்டதில்லை. காரணம் கடைசிப் படகு. பட்டணத்திலிருந்து பஸ் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருவதற்குள் அது வெளிக்கிட்டுவிட்டால், பிறகு விடியும் வரைக்கும் நுளம்புக் கடியோடுதான் குடித்தனம்.

மற்றச் சனம் என்ன செய்யும்? பட்டணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்தெழும்பி அடுத்தநாள் ஆறுதலாக வரும். அவளுடைய புருசன் சின்னக்குட்டி அதற்குச் சம்மதிக்கிற ஆளில்லை. பொழுதுபட முன்னம் கிணற்றடிக்குப் போய் மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளி வைக்க வேண்டும். வேறு யாரும் அள்ளி வைத்தால் மாடு குடிக்காது என்பது அவருடைய முடிந்த முடிவு. குடிக்குமோ குடிக்காதோ என்று சோதித்துப் பார்க்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. சூரியன் மேற்கே சரியத் தொடங்கினால் போதும், தோளில் கிடக்கும் துவாயை எடுத்து ஒரு உதறு உதறுவார். அந்தச் சத்தம் கேட்டால் கிறேசம்மாவின் கால்கள் தாமாக எழும்பிவிடும். அவளைக் கேட்டு எழும்புவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கொடுமை ஒரு கூத்து. கல்யாணம் முடித்த அடுத்த வருடம், சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த நாட்களில், பட்டணத்துக் கோயிலொன்றில் பட்டப்பகலில் கூத்துப் போட்டார்கள். அரசனைப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. கொலையாளி வாளை ஓங்கிவிட்டான். மத்தளம் அடிக்கிறது, சனம் மூச்சுக் காட்டவில்லை. சின்னக்குட்டி துவாயை உதறினார்.

"படகுக்கு நேரமாச்சு. எழும்பும்."

அந்த அரசனுக்குத் தலை போனதோ தப்பியதோ கிறேசம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்துப் பார்த்தாள். பாதிப்பேர் அதே படகுக்கு ஓடிவந்தவர்கள், மிச்சப்பேருக்கு மறந்துபோயிற்று. புருசனிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. கோபம். அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் வினோதா பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், சிங்கப்பூரில் முதியோரைப் பராமரிக்கிற இல்லமொன்றில் வேலை எடுத்தாள், தாய்தகப்பனை இரண்டு கிழமைக்குக் கூப்பிட்டும் விட்டாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

மாடுகளைப் பக்கத்து வளவுப் பிலோமினம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சின்னக்குட்டி விமானம் ஏறியதே ஊருக்குப் பெரிய புதினம். கிறேசம்மா தன் கைமணிக்கூட்டை ஊர் நேரத்திலேயே விட்டு வைத்திருந்தாள். இப்போது பிலோமினம்மா பால் கறப்பாள், இப்போது படகு வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு அது தேவைப்பட்டது. "சிங்கப்பூர் நேரம் வேணுமெண்டால் இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கோ அம்மா" என்று வினோதா சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளும் கூட்டிக்கொண்டுதான் திரிந்தாள்.

"நாளைக்கு ஒரு தீவுக்குப் போறம்" என்று வினோதா சொன்னாளோ இல்லையோ, கிறேசம்மா போத்தல் போத்தலாகத் தண்ணீர் நிரப்பத் தொடங்கிவிட்டாள். தீவில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? புட்டும் சம்பலும் பொதி கட்டினாள். "அம்மா, அங்க திரும்பின பக்கமெல்லாம் சாப்பாட்டுக் கடை" என்று மகள் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. சின்னக்குட்டி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அங்கயிருந்து கடைசிப் படகு எத்தினை மணிக்கு?"

"படகில்லை அப்பா. பாலம். பாலத்துக்கு மேலால ரயில் ஓடுது."

"பாலமெண்டாலும் பூட்டுற நேரமெண்டு ஒண்டு இருக்குந்தானே."

"பூட்டமாட்டாங்கள் அப்பா."

"உனக்கு ஆர் சொன்னது? எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பார்."

தீவு என்றால் அப்படியொரு தீவு. மேலே பார்த்தால் கம்பிப்பாதையில் வண்டிகள் தலைகீழாக உருளுகின்றன, உள்ளேயிருப்பவர்கள் காசு கொடுத்துக் கத்துகிறார்கள். பெரிய பெரிய ஹோட்டல்கள், சுவருக்குப் பதிலாக மீன் தொட்டி, நிலத்துக்குக் கீழே ஒரு சூதாட்ட மண்டபம். சின்னக்குட்டி சுற்றிவரப் பார்த்துவிட்டு, "எங்கட தீவில ஒரு மூலைக்குக் காணாது" என்றார். பிறகு, "மாடு ஒண்டையும் காணேல்லை" என்றார். ஒரு ரப்பர்த் தோணியில் ஏற்றி, இருட்டுக் குகைக்குள் சுழற்றி, உயரத்திலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்கள். மூன்று பேரும் தெப்பமாக நனைந்து இறங்கினார்கள். வினோதா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கிறேசம்மா அத்தனை புனிதர்களையும் கூப்பிட்டு முடித்திருந்தாள். சின்னக்குட்டி துவாயைப் பிழிந்தபடி, "ஆடிக் காத்தில எங்கட படகு இதைவிட நல்லாத் தூக்கியடிக்கும்" என்றார்.

புட்டுப் பொதியை அவிழ்த்த இடத்தில்தான் கிறேசம்மா அந்தப் படத்தைக் கண்டாள். சுவர் முழுக்க ஒட்டியிருந்தது. கறுத்தக் கடல், நெருப்பு, கையில் விளக்கோடு ஒரு பெட்டை. கடலுக்குள்ளேயே போடுகிற காட்சி, பொழுதுபட்ட பிறகு எட்டு மணிக்குத் தொடங்கும், கடைசியில் வாணம் விடுவார்கள் என்று வினோதா வாசித்துச் சொன்னாள். கிறேசம்மா வாய்க்குள் வைத்த புட்டை விழுங்கவில்லை. சின்னக்குட்டி கைகழுவப் போன நேரம் பார்த்து மகளின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, எனக்கு இதை முடியுமட்டும் பாக்கோணும்."

"பாப்பம் அம்மா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? உன்ரை கொப்பர் விடுவரே? பொழுது சாய மனுசன் துவாயை உதறுவார். என்ரை சீவியத்தில ஒரு முடிவு, ஒரே ஒரு முடிவு நான் பாக்கோணும்."

 மகளுக்கு முன்னால் இப்படிச் சின்னப்பிள்ளைத்தனமாக நிற்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வினோதா சிரிக்கவில்லை. யோசித்தாள்.

"அம்மா, இஞ்ச கீழ கசினோ இருக்கு. என்னோட வேலை செய்யிற பெட்டையள் சொல்லுறவளவை, அதுக்குள்ள யன்னலும் இல்லையாம், மணிக்கூடும் இல்லையாம். போறவைக்கு நேரம் தெரியக்கூடாதெண்டு வேணுமெண்டு செய்து வைச்சிருக்கிறாங்கள். அப்பாவைக் கொண்டுபோய் அதுக்குள்ள இருத்தினால் சூரியன் எங்க நிக்குதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

கிறேசம்மா மகளைப் பெருமையோடு பார்த்தாள். படிப்பித்தது வீண்போகவில்லை. ஏற்பாடு சுறுக்காக முடிந்தது. வினோதாவுக்குச் சூதாட்ட மண்டபத்தில் விருப்பமில்லை, அவளுக்கு அந்தத் தலைகீழ் வண்டியில் ஏற வேண்டும். அதற்கு வரிசை வளைந்து வளைந்து போயிருந்தது. எட்டு மணிக்கு முன்னம் தாய்தான் தகப்பனைக் கூட்டிக்கொண்டு கடலோரப் படிக்கட்டுக்கு வர வேண்டும், மகள் அங்கே நிற்பாள். படிக்கட்டு எங்கே என்று கையை நீட்டிக் காட்டியும் விட்டாள்.

"நல்ல குளிராம் உள்ளுக்க. வெயிலுக்குக் கொஞ்சம் இருந்திட்டு வருவம்" என்று கிறேசம்மா புருசனிடம் சொன்னாள். சின்னக்குட்டி சூரியனை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார், சரி என்றார். அவர் அவ்வளவு லேசாகச் சரி சொன்னது அவளுக்கு ஆச்சரியந்தான். வாசலில் பாஸ்போட்டைக் கேட்டதும் அவருக்குப் பழகின இடத்துக்கு வந்ததுபோல முகம் தெளிந்தது. இறங்குதுறையில் கடற்படைக்கு அடையாள அட்டை காட்டிக் காட்டிப் பழகின கை, கேட்க முன்னமே நீட்டிவிட்டது.

"இஞ்சயும் நேவியோ?" என்றார்.

உள்ளே குளிர் எலும்புக்குள் இறங்கியது. கால் புதைகிற கம்பளம். எங்கே பார்த்தாலும் வெளிச்சம் மினுங்குகிற மெசின்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மனுசன் பேசாமல் குந்தியிருந்து அமத்திக்கொண்டிருந்தான். தேத்தண்ணி சும்மா கொடுத்தார்கள். சின்னக்குட்டி முதல் வேலையாக இரண்டு கோப்பை குடித்தார். பிறகு கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"வானம் தெரியாத இடத்தில மனிசர் இருப்பினமே" என்று முணுமுணுத்துவிட்டு, "நான் கக்கூசுக்குப் போட்டு வாறன்" என்று எழும்பினார்.

கிறேசம்மா சுற்றி நடந்து பார்த்தாள். ஒரு மெசினில் குதிரைப் படம் இருந்தது. நெடுந்தீவுக்காரிக்கு அது போதாதா? ஊரில் வெட்டவெளியில் கட்டாக்காலியாய்த் திரிகிற குதிரைகளின் அதே நிறம், அதே மெலிந்த வயிறு. வினோதா தந்துவிட்ட தாளைச் செருகுவதற்கு முன் அவளுக்கு மனம் கொஞ்சம் குத்தியது. கோயில் பெருநாளில் சீட்டிழுப்பு வைக்கிறார்கள்தானே, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அமத்தினாள். குதிரைகள் உருண்டன. ஒன்று நின்றது, இரண்டாவதும் நின்றது, மூன்றாவது கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. இன்னும் ஒருக்கால் அமத்தினாள்.

மூன்று குதிரையும் ஒரே வரிசையில் வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விசயம். கொஞ்சம் வந்தது, கொஞ்சம் போனது, முழுக்கப் போகப் போகிறது என்று நினைக்க மணியடித்துக்கொண்டு திரும்பி வந்தது. சின்னக்குட்டி வந்து பின்னால் நின்றார், தேத்தண்ணி குடித்தார், மறுபடி கக்கூசுக்குப் போனார். போனார், வந்தார், போனார். சும்மா கொடுக்கிறார்களென்று இப்படியா குடிப்பது என்று அவள் நினைத்தாள். ஆனாலும் மனுசன் துவாயை உதறவில்லை. ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்கிறது. வாசலில் நின்ற காவல்காரர் இப்போது அவரைக் கண்டால் சிரித்துக் கைகாட்டுகிற அளவுக்குச் சிநேகிதமாகிவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

இடையில் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்துதான் ஆகியிருந்தது. எட்டு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம். அவள் மறுபடி குதிரைக்குத் திரும்பினாள். இத்தனை நாளும் மறக்காமல் கூட்டின இரண்டரை மணித்தியாலத்தை அன்றைக்கு, அந்த இடத்தில், கூட்ட மறந்துபோனாள்.

"எழும்பும். நேரமாச்சு."

சின்னக்குட்டி. தோளில் துவாய்கூட இல்லை, ஆனால் அதே குரல். கிறேசம்மாவின் கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன. இந்தமுறை அவள் கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"நான் வரமாட்டன்."

"நேரம் போட்டுது எண்டுறன்."

"என்ன நேரம்? எந்தப் படகுக்கு? மாட்டுக்குத் தண்ணி வைக்கோணுமோ? வினோதா பிறக்க முன்னமிருந்து இந்த வசனத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். பாயசம் குடிக்க விட்டீங்களே? ஒரு படம்? ஒரு கூத்து? இண்டைக்கு இந்த மூண்டு குதிரையும் வந்து நிண்டால்தான் நான் எழும்புவன்."

பக்கத்து மெசின்காரன் திரும்பிப் பார்த்தான். சின்னக்குட்டி மெசினைப் பார்த்தார். குதிரைகள் உருண்டு, நின்று, மறுபடி உருளக் காத்திருந்தன.

"உதுக்கு முடிவில்லை, கிறேசு" என்றார் மெதுவாக. "உதை அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள். நானும் வந்து வந்து பாத்தனான். ஆரும் முடிச்சுப்போட்டு எழும்பினதாத் தெரியேல்லை."

சொல்லிவிட்டு அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பைக்குள் அவளுடைய பாஸ்போட். கிறேசம்மா என்ன செய்வாள்? மிச்சக் காசை மெசின் துப்பின துண்டோடு பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.  வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள். பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார், ரயிலில் ஏற்றப்போகிறார், வாணச் சத்தம் தூரத்தில் கேட்கப்போகிறது. இனிமேல் இந்த மனுசனோடு எங்கும் வெளிக்கிடுவதில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

கதவு திறந்தது. வெளியே நல்ல இருட்டு.

கிறேசம்மா மணிக்கூட்டைப் பார்த்தாள், அப்போதுதான் இரண்டரை ஞாபகம் வந்தது. "ஐயோ மாதாவே" என்றாள். சின்னக்குட்டி அவளுடைய கையைப் பிடித்தார். ரயிலுக்குப் போகிற பக்கம் திரும்பவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு, கீழே, கடல் பக்கமாக இறங்கினார். இறங்குதுறையில் படகுக்கு ஓடுகிற அதே ஓட்டந்தான், அவளும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி ஓடினாள்.

படிக்கட்டு முழுக்கச் சனம். கால் வைக்க இடமில்லை. அந்தச் சனத்துக்கு நடுவில், முதல் வரிசையில், சின்னக்குட்டியின் துவாய் நீளத்துக்கு விரித்துக் கிடந்தது. அதன் ஒரு தொங்கலில் வினோதா குந்தியிருந்து கைகாட்டினாள். படகில் இடம்பிடிக்கத் துவாய் போடுவது நெடுந்தீவு வழக்கம். போட்ட துவாயை எடுத்துவிட்டு இருக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. இங்கேயும் ஒருவரும் அதைத் தொடவில்லை. பக்கத்து இடத்தில் யாரோ ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொதியை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்னக்குட்டி அதைச் சுட்டிக்காட்டினார்.

"இஞ்சயும் எங்கட ஆக்கள்தான்" என்றார்.

"அப்பா வெயில் தாழவே வந்து துவாயை விரிச்சிட்டார் அம்மா" என்று வினோதா சொன்னாள். "ஒவ்வொருக்காலும் வந்து கிடக்கோ எண்டு பாத்திட்டுப் போறார். நான் வர முன்னமே இடம் பிடிச்சாச்சு. நீங்கள் புட்டை விழுங்காமல் அந்தப் படத்தைப் பாத்ததை அவரும் கண்டவராம்."

அப்படியென்றால் அவர் போய் வந்தது கக்கூசுக்கில்லை, இதற்குத்தான். கிறேசம்மா துவாயில் குந்தினாள். கடைசியில், கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மாடு?"

"தண்ணி குடிச்சிட்டுதாம். இப்பதான் பிள்ளையின்ர போனில பிலோமினம்மாவோட கதைச்சனான்." அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். "அவ வைச்சாலும் குடிக்குதாம்."

அதைச் சொல்ல அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கிறேசம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். விளக்குகள் அணைந்தன.

கடலுக்குள்ளிருந்து தண்ணீர் எழும்பித் திரையாக விரிந்தது. அதில் ஒரு தீவு, தீவின் கரையில் விளக்கோடு ஒரு பெட்டை. அவளுடைய ஆள் கடலுக்குப் போயிருக்கிறான். புயல் வருகிறது. உண்மையான நெருப்பு தண்ணீருக்கு மேலால் ஓடியது, முகத்தில் சூடு அடித்தது. இருட்டுக்குள் ஒரு படகு தத்தளித்துக்கொண்டு வந்தது. பெட்டையின் விளக்கு அணைகிறது, மறுபடி கொளுத்துகிறாள், அணைகிறது. மத்தளம்போல எங்கோ ஒரு மேளம் அடிக்கத் தொடங்கியது. படகு சரிந்தது. சனம் மூச்சுக் காட்டவில்லை.

கிறேசம்மா எழும்பிவிட்டாள்.

அவளுக்கே தெரியாது. மேளம் உச்சத்துக்குப் போன இடத்தில் கால்கள் தாமாக எழும்பி, கை தானாகச் சேலையைச் சொருகி, மற்றக் கை பையைத் தேடியது. பின்னாலிருந்தவர்கள் ஏதோ சொன்னார்கள். சின்னக்குட்டி அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய முகம் ஒரு மாதிரிப் போயிற்று. அவளுடைய கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தார்.

"இரும், கிறேசு. படகு இன்னும் வரேல்லை."

அவள் இருந்தாள். அவர் கையை விடவில்லை. படகு அலைக்குள் போய், காணாமல் போய், பிறகு மெல்ல மெல்லக் கரைக்கு வந்து சேர்ந்தது. பெட்டை தண்ணீருக்குள் ஓடினாள். வானம் முழுக்க வாணம் வெடித்தது, சிவப்பும் பச்சையுமாகக் கடலில் விழுந்தது, ஒன்று விடாமல் எல்லாம் எரிந்து முடிந்து, கடைசிப் பொறியும் தண்ணீரில் அணைந்து, புகை மட்டும் மிச்சம் நின்றது. கிறேசம்மா அந்தப் புகை கலைகிற வரைக்கும் பார்த்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

சனம் எழும்பி ரயிலுக்கு ஓடத் தொடங்கியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியது. வினோதாவும் எழும்பிவிட்டாள்.

"அரசன் தப்பீட்டான்" என்றார் சின்னக்குட்டி.

"எந்த அரசன்?"

"அந்தக் கூத்தில. வாளை ஓங்கினவன்ர கை மரத்துப்போச்சுதாம். பிறகு அரசனை அவிட்டு விட்டிட்டினமாம்."

கிறேசம்மா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அடுத்த கிழமையே பட்டணத்துக்குப் போய் விசாரிச்சனான்."

"பிறகேன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஊர்முழுக்கக் கேட்டீர். என்னட்டக் கேக்கேல்லையே."

அவளுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து, கடைசியில் சிரிப்பு வென்றது. தோளில் ஒரு குத்துக் குத்தினாள். படிக்கட்டு ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது.

"அப்பா, கெதியா வாங்கோ" என்று வினோதா மேல்படியில் நின்று கூப்பிட்டாள். "ரயிலுக்குச் சனம் முண்டுப்படுது. அம்மா, எழும்புங்கோ."

சின்னக்குட்டி துவாயின் சுருக்கத்தை நீவி, கிறேசம்மா இருக்கிற பக்கத்தை நேராக்கிவிட்டார்.

"அம்மா ஆறுதலா இருக்கட்டும்" என்றார். "பாலந்தானே, அது எங்க போகப்போகுது."